புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம்?

மூன்று பாடங்கள், மொத்தம் 250 மதிப்பெண். சராசரி 83.33 என்று மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். இதையே சி மொழியில் நிரலாக எழுதிப் பார்க்கும் புதியவர்களில் பலருக்குத் திரையில் 83.000000 என்று வரும். சிலருக்கு 0.000000 என்றே வந்து நிற்கும். இரண்டும் இரண்டு வேறு தவறுகளின் விளைவு. ஆனால் பழி மட்டும் இரண்டு முறையும் பிரிண்ட்எஃப் தலையில்தான் விழுகிறது.

உள்ளே போகுமுன் ஒரு குறிப்பு. இந்தக் கட்டுரையில் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். %எஃப், %டி, %ஜி என்று வரும் இடங்களில் சதவீதக் குறியை அடுத்து அந்த ஆங்கிலச் சிற்றெழுத்தைத் தட்டிக்கொள்ளுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் 83.000000. சராசரி என்ற மாறியை டபுள் என்று அறிவித்திருப்பீர்கள். அதில் மொத்தம் / 3 என்ற விடையைப் போட்டிருப்பீர்கள். மொத்தம் இன்ட், 3-உம் இன்ட். இரண்டு முழு எண்களை வகுத்தால் சி முழு எண்ணைத்தான் தரும். மீதியைத் தூக்கி எறிந்துவிடும். கைக்கு வந்தது 83. அதன் பிறகுதான் அது டபுள் மாறிக்குள் போய் 83.0 ஆகிறது. விடையை எந்த மாறியில் வாங்குகிறீர்கள் என்பது வகுத்தலுக்குத் தெரியாது. மொத்தம் / 3.0 என்று எழுதினால் போதும், 83.333333 வந்துவிடும். வகுக்கும் எண்ணும் மாறியாக இருந்தால், (டபுள்)மொத்தம் / எண்ணிக்கை என்று வகைமாற்றம் செய்ய வேண்டும். அடைப்புக்குறியை இடம் மாற்றி (டபுள்)(மொத்தம் / எண்ணிக்கை) என்று போட்டால் பயனில்லை. மீதி போன பிறகு வகையை மாற்றி என்ன ஆகப்போகிறது?

0.000000-இன் கதை வேறு. இங்கே இடையில் மாறி எதுவும் இல்லை. பிரிண்ட்எஃப்("%எஃப்", மொத்தம் / 3) என்று நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள். அனுப்பப்பட்டது 83 என்ற இன்ட். ஆனால் %எஃப் "வருவது டபுள்" என்று உறுதி கூறுகிறது. பிரிண்ட்எஃப் அந்த உறுதியைச் சரிபார்க்காது, சரிபார்க்கவும் முடியாது. சி மொழியின் பெரும்பாலான செயற்கூறுகளைப் போல அல்லாமல், எத்தனை மதிப்பு வரும், என்ன வகையில் வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்படாத செயற்கூறு அது. அதன் கையில் இருக்கும் ஒரே தகவல் முதலில் வரும் வடிவச் சரம். அதில் நீங்கள் எழுதியதை அப்படியே நம்பி, அந்த வகைக்குரிய இடத்தில் இருக்கும் பிட்டுகளை எடுத்து அச்சிடும்.

எந்த இடம் என்பது கணினிக்குக் கணினி மாறும். 64 பிட் லினக்ஸில் முழு எண்கள் ஒரு வகைப் பதிவகங்களிலும் மிதப்புப் புள்ளி எண்கள் வேறு வகைப் பதிவகங்களிலும் அனுப்பப்படுகின்றன. %எஃப் சொன்னால் பிரிண்ட்எஃப் இரண்டாவது வகையில் போய்ப் பார்க்கும். அங்கே முன்பு யாரோ விட்டுப்போன ஏதோ ஒன்று கிடக்கும். அதனால்தான் ஒருமுறை பூஜ்யமும் இன்னொரு முறை பழைய விடையும் வருகின்றன. 64 பிட் விண்டோஸில் 83-இன் பிட்டுகளையே டபுளாகப் படிக்கும். அப்படிப் படித்தால் அது பூஜ்யத்துக்கு மிக மிக அருகில் இருக்கும் எண், ஆறு இலக்கத்தில் 0.000000. எதிர்த்திசையில், 2.5-ஐ %டி-யில் அச்சிட்டால் விண்டோஸில் 0 வரும். 2.5 போன்ற எளிய எண்களில் டபுளின் கீழ்ப்பாதி பிட்டுகள் எல்லாமே பூஜ்யம். %டி அந்தக் கீழ்ப்பாதியை மட்டும் பார்க்கிறது. "டபுளை %டி-யில் போட்டால் பூஜ்யம் வரும்" என்று சிலர் இதை விதியாகவே மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். விதி எதுவும் இல்லை. சி மொழியின் தரம் இதை வரையறுக்காத நடத்தை என்று கைகழுவிவிட்டது. எது வந்தாலும் கேட்க முடியாது.

இதற்கு மருந்து கம்பைலரிடமே இருக்கிறது. ஜிசிசி-யிலும் கிளாங்கிலும் -வால் (முதல் எழுத்து டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து) என்ற தேர்வோடு தொகுத்தால், வடிவச் சரத்தையும் அனுப்பிய மதிப்பின் வகையையும் ஒப்பிட்டு எச்சரிக்கும். பிரிண்ட்எஃப் ஓடும்போது செய்ய முடியாததைக் கம்பைலர் ஓடுவதற்கு முன்பே செய்துவிடுகிறது. கற்றுத்தருபவர்கள் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். எச்சரிக்கை இல்லாமல் தொகுக்கப் பழகியவர்கள் இந்த ஒரு தவறில் செலவிடும் மாலைப்பொழுதுகளுக்குக் கணக்கில்லை.

அடுத்து, கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் குழப்பம்: ஃப்ளோட்டுக்கு %எஃப், டபுளுக்கு %எல்எஃப் என்பது சரியா? ஸ்கேன்எஃப்-இல் சரி, பிரிண்ட்எஃப்-இல் தேவையில்லை. பிரிண்ட்எஃப் போன்ற செயற்கூறுக்கு ஃப்ளோட்டை அனுப்பினால், போகும் வழியிலேயே அது டபுளாக உயர்த்தப்படுகிறது. பிரிண்ட்எஃப் கண்ணுக்கு ஃப்ளோட் என்று ஒன்று தெரிவதே இல்லை. ஆகவே %எஃப் இரண்டுக்கும் போதும். டபுளுக்கு %எல்எஃப் எழுதுவதை சி99 தரம் அனுமதித்தது, ஆனால் அந்த எல்லுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

ஸ்கேன்எஃப் அப்படி அல்ல. அது வாங்கிக்கொள்வது முகவரியை. அந்த முகவரியில் நான்கு பைட் எழுதுவதா எட்டு பைட் எழுதுவதா என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். டபுள் மாறிக்கு %எஃப் கொடுத்தால் நான்கு பைட் மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும். பயனர் 83.5 என்று தட்டுவார், அச்சிட்டால் 0.000000 வரக்கூடும். தவறு படித்த இடத்தில், அது தெரியவருவது அச்சிட்ட இடத்தில். லாங் டபுளுக்கு இரண்டு இடத்திலும் பெரிய எழுத்து எல் போட்டு, அதன் பின் சிறிய எஃப் எழுத வேண்டும்.

வகைக் கோளாறுகள் இவ்வளவுதான். இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். ஃப்ளோட் மாறியில் 0.1 வைத்து %.20எஃப் என்று அச்சிட்டுப் பாருங்கள்: 0.10000000149011611938. டபுளில் வைத்தால் 0.10000000000000000555. இந்த வால் எங்கிருந்து வந்தது?

பல பாடநூல்கள் இதைக் குப்பை இலக்கங்கள் என்கின்றன. எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. அந்த ஒவ்வோர் இலக்கமும் உண்மை. பொய் சொன்னது 0.1 என்று நாம் எழுதியதுதான். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாகச் சேமிக்கிறது: அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கிக்கொண்டே போகும் பின்னங்களின் கூட்டலாக. பத்தில் ஒன்றை அப்படிப் பாதிகளைக் கூட்டி ஒருபோதும் முழுதாக எட்ட முடியாது. பத்தின் அடுக்கில் மூன்றில் ஒன்று 0.3333 என்று முடிவில்லாமல் போவது போலவே. எங்காவது நிறுத்தி, அருகிலுள்ள எண்ணுக்கு முழுதாக்கித்தான் ஆக வேண்டும். ஃப்ளோட் 24 இரும இலக்கத்தில் நிறுத்துகிறது, டபுள் 53-இல். டபுளில் 0.1 என்று எழுதும்போது உண்மையில் சேமிக்கப்படும் எண்ணுக்குப் புள்ளிக்குப் பின் 55 தசம இலக்கங்கள் உண்டு. %.55எஃப் என்று கேட்டால் லினக்ஸில் அத்தனையும் பிசகாமல் வரும்.

இந்த 24, 53 எல்லாம் 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தில் உள்ளவை. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் தன் போக்கில் எண்களைச் சேமித்தது. ஒரே நிரல் இரண்டு இயந்திரத்தில் இரண்டு விடை தந்தது. அந்தத் தரத்தை உருவாக்குவதில் முன்னின்ற வில்லியம் காஹனுக்கு 1989-இல் டூரிங் விருது கிடைத்தது.

வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் விடாமல் கேட்கப்படும் ஒரு கேள்வி இங்கே விடை காணும். ஃப்ளோட் மாறியில் 0.7 வைத்து, அது 0.7-ஐவிடச் சிறியதா என்று கேட்டால் சி "ஆம்" என்கிறது. மாறியில் இருப்பது 24 இலக்கத்துக்கு முழுதாக்கிய 0.7. நிரலில் வெறுமனே எழுதிய 0.7 டபுள், 53 இலக்கத்துக்கு முழுதாக்கியது. இரண்டும் வேறு எண்கள். 0.7-க்குப் பதில் 0.1 வைத்தால் ஃப்ளோட் பெரியதாகிவிடும், 0.5 வைத்தால் இரண்டும் சமம், ஏனென்றால் அரையை முழுதாக்க வேண்டிய தேவையே இல்லை. %எஃப் போட்டு அச்சிட்டால் இரண்டு 0.7-உம் 0.700000 என்றுதான் தெரியும். திரையில் ஒன்றாகத் தெரிவது நினைவகத்திலும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணக் கூடாது.

%எஃப் காட்டும் ஆறு இலக்கம் துல்லியத்தின் அளவும் அல்ல. அது இயல்பாக வைக்கப்பட்ட எண்ணிக்கை, அவ்வளவே. ஃப்ளோட்டில் 123456789-ஐப் போட்டு அச்சிட்டால் 123456792.000000 வரும். புள்ளிக்குப் பின் ஆறு பூஜ்யம் பளிச்சென்று நிற்கும்போது, புள்ளிக்கு முன்னாலேயே கடைசி இரண்டு இலக்கங்கள் தவறிவிட்டிருக்கின்றன. ஃப்ளோட் நம்பத்தகுந்தபடி தாங்குவது மொத்தமாக 6 தசம இலக்கம், டபுள் 15. புள்ளி எங்கே இருக்கிறது என்பது இந்தக் கணக்கில் வராது. இடத்தை மிச்சப்படுத்த வலுவான காரணம் இல்லாவிட்டால் டபுளையே பயன்படுத்துங்கள்.

இனி முழுதாக்குதல். %.2எஃப் என்றால் இரண்டு இலக்கத்துக்கு முழுதாக்கும், வெட்டாது. ஆனால் 2.675-ஐக் கொடுத்தால் 2.68 வராது, 2.67 வரும். சேமிக்கப்பட்டிருப்பது 2.67499999999999982 என்று தொடங்கும் எண். அது பாதியைத் தொடவில்லை, ஆகவே கீழே இறங்குகிறது. பிரிண்ட்எஃப் செய்தது சரியான முழுதாக்கல்தான்.

மெய்யாகவே நடுவில் நிற்கும் எண்ணுக்கு வேறு விதி. 0.125 எட்டில் ஒன்று, இருமத்தில் துல்லியமாக அடங்குவது. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தில் %.2எஃப் இதை 0.12 என்று காட்டும், 0.375-ஐ 0.38 என்று காட்டும். சரிபாதியில் நின்றால் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக வரும் பக்கம் சாய்வது வழக்கம். எப்போதும் மேலேயே தள்ளினால் நீண்ட கூட்டலில் விடை ஒரு பக்கமாக வீங்கிவிடும் என்பதால் வந்த ஏற்பாடு இது. மைக்ரோசாஃப்டின் நூலகம் இப்படிப்பட்ட 5-களை நெடுங்காலம் மேலேயே தள்ளிவந்தது. விண்டோஸ் 10-இன் 2004 என்ற பதிப்பிலிருந்துதான் ஐஇஇஇ விதிக்கு மாறியது. நண்பரின் கணினியில் 0.13, உங்களுடையதில் 0.12 என்று வந்தால் இருவருமே தவறு செய்யவில்லை.

முழுதாக்கலைத் "திருத்த" 100-ஆல் பெருக்கி, 0.5 கூட்டி, ஃப்ளோர் எடுத்து, மறுபடி 100-ஆல் வகுக்கும் வித்தை ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கிறது. 1.005-இல் முயன்று பாருங்கள். 100-ஆல் பெருக்கும்போதே 100.49999999999999 ஆகிவிடும், கடைசியில் 1.00 தான். வித்தை தோற்கும் இடம் அதே நோய் உள்ள இடம்.

பணக் கணக்கு என்றால் டபுள் பக்கமே போகாதீர்கள். பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டு, அச்சிடும்போது மட்டும் 100-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் "%டி.%02டி" என்று போடலாம். அந்த 02 இல்லாவிட்டால் 7 ரூபாய் 5 பைசா 7.5 என்று வந்து ஏழரை ரூபாயாகிவிடும். கழித்தல் எண்ணுக்கு இது அப்படியே பொருந்தாது: மைனஸ் 5 பைசாவை இவ்வாறு அச்சிட்டால் 0.-5 என்ற விநோதம் வரும். குறியை முதலில் தனியே அச்சிட்டுவிட்டு, ஈவையும் மீதியையும் கூட்டல் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். டபுளிலும் இதற்கு ஓர் உறவினர் உண்டு. -0.001-ஐ %.2எஃப் போட்டால் -0.00 வரும், ரசீதில் பார்த்தால் வாடிக்கையாளர் கேட்பார்.

புள்ளிக்கு முன் எழுதும் எண், அதாவது %8.2எஃப்-இல் உள்ள 8, முழு அகலம். புள்ளி, கழித்தல் குறி, பின்னால் வரும் இரண்டு இலக்கம் எல்லாம் சேர்த்து எட்டு இடம். எண் அதைவிடப் பெரிதாக இருந்தால் வெட்டப்படாது, அகலம்தான் மீறப்படும். %2.2எஃப் என்று எழுதும் பழக்கம் நம் ஆய்வகப் பதிவேடுகளில் ஏராளம். முதல் 2 அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறது, 0.00 என்பதற்கே நான்கு இடம் வேண்டும்.

மிகச் சிறிய, மிகப் பெரிய எண்களில் %எஃப் கைவிடும். 0.0000001 வெறும் 0.000000 ஆகிவிடும். மறுகோடியில், டபுள் தாங்கும் மிகப் பெரிய எண்ணுக்குப் புள்ளிக்கு முன்னாலேயே 309 இலக்கம். 32 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, அதில் ஸ்பிரிண்ட்எஃப் போட்டு எழுதும் நிரல் அந்த எண்ணைச் சந்திக்கும் நாளில் பக்கத்து நினைவகத்தையும் அழித்துவிட்டுப் போகும். எஸ்என்பிரிண்ட்எஃப் என்றால் கொடுத்த இடத்தோடு நிற்கும். இத்தகைய எண்களுக்கு %இ ஏற்றது: ஒளியின் வேகமான 299792458-ஐ %.2இ போட்டால் 3.00இ+08. %ஜி இரண்டுக்கும் இடையில் தானே முடிவெடுக்கும், பின்னால் வரும் வீண் பூஜ்யங்களையும் நீக்கும். ஆனால் %ஜி-க்கு ஆறு என்பது மொத்தப் பொருளுள்ள இலக்கங்களின் எண்ணிக்கை. அதனால் 100000 அப்படியே வரும், 1000000 வந்தால் 1இ+06 ஆகிவிடும். மனிதர் படிக்கும் அட்டவணைக்கு %எஃப், அளவு எதுவென்று தெரியாத சோதனை வெளியீட்டுக்கு %ஜி என்பது என் வழக்கம்.

கோப்பில் எழுதிப் பிறகு திரும்பப் படிக்கப்போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. அங்கே அழகு தேவையில்லை, அதே பிட்டுகள் திரும்பி வர வேண்டும். டபுளுக்கு %.17ஜி, ஃப்ளோட்டுக்கு %.9ஜி எழுதினால் அது உறுதி. 0.1-உம் 0.2-உம் கூட்டிய விடையை %.17ஜி-யில் பார்த்தால் 0.30000000000000004, வெறும் 0.3-ஐப் பார்த்தால் 0.29999999999999999. இரண்டும் சமமா என்று கேட்டு "இல்லை" என்ற பதில் வந்து திகைத்தவர்களுக்கு இந்த ஒரு வரி வெளியீடே போதுமான விளக்கம்.

பைத்தானிலிருந்து வருபவர்கள் இங்கே முகம் சுளிப்பார்கள். அங்கே 0.1 அச்சிட்டால் 0.1 என்றே வருகிறதே, வாலும் இல்லை, திரும்பப் படித்தால் மாறுவதும் இல்லை? அது, அதே டபுளுக்குத் திரும்பிவரும் எண்களில் மிகக் குறுகியதைத் தேடி அச்சிடும் முறை. கை ஸ்டீலும் ஜான் வைட்டும் 1990-இல் இதற்கான வழியைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பைத்தான் 2009-இல் 3.1 பதிப்பில் இதை ஏற்றது. 2018-இல் உல்ஃப் ஆடம்ஸ் வெளியிட்ட ரியூ என்ற முறை இதையே மிக வேகமாகச் செய்கிறது. சி-யின் பிரிண்ட்எஃப்-இல் மட்டும் இதற்கென ஒரு குறி இல்லை. வேண்டுமானால் %.15ஜி, %.16ஜி, %.17ஜி என்று வரிசையாக ஒரு சரத்தில் எழுதி, ஸ்ட்ரிடோடி கொண்டு திரும்பப் படித்து, மூல எண் எதில் முதலில் கிடைக்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளலாம். மெதுவான வழி, ஆனால் புரிந்துகொள்ள எளிது.

ஓர் எண்ணை அச்சிட இத்தனை ஆய்வா என்று தோன்றினால், நூலகத்தின் உள்ளே பாருங்கள். 309 இலக்கத்தையும் பிசகாமல் தர, நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்ட பெரிய எண்களின் கணக்கை ஜிலிப்சி உள்ளுக்குள் செய்கிறது. அந்தக் குறிமுறை கொழுத்தது. நினைவகம் குறைந்த கணினிகளில் அதை முடிந்தவரை விட்டுவிடவே பார்ப்பார்கள். டர்போ சி-யில் படித்த தலைமுறைக்கு நினைவிருக்கும்: கட்டமைப்புகளின் அணியில் ஃப்ளோட்டை ஸ்கேன்எஃப் கொண்டு வாங்கும்போது "ஃப்ளோட்டிங் பாயிண்ட் ஃபார்மட்ஸ் நாட் லிங்க்ட்" என்று நிரல் பாதியில் செத்துவிழும். இந்த நிரலுக்குத் தசம எண் தேவையில்லை என்று கருதி அந்தப் பகுதியை இணைக்காமல் விட்டதன் விளைவு. ஃப்ளோட் சுட்டு ஒன்றைச் சும்மா தொட்டுவைக்கும் ஒரு வெற்றுச் செயற்கூறை நிரலில் சேர்த்தால் சரியாகிவிடும். ஏன் என்று தெரியாமலே அதைப் பலர் எழுதினார்கள்.

இன்று அதே அனுபவம் ஆர்டுயினோ ஊனோவில். 32 கிலோபைட் நிரல் நினைவகம் கொண்ட அந்தச் சிப்பில் ஸ்பிரிண்ட்எஃப்-க்கு %எஃப் கொடுத்தால் எண்ணுக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான் வரும். தசம வசதியுள்ள பெரிய நூலகத்தைத் தனியாக இணைக்கலாம், அல்லது டிடிஓஎஸ்டிஆர்எஃப் என்ற செயற்கூறு கொண்டு எண்ணைச் சரமாக்கிக்கொள்ளலாம். பல நேரங்களில் இரண்டுமே தேவையில்லை. டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை உணரி அனுப்புவதே முழு எண், ஓர் அலகு ஒரு டிகிரியில் 16-இல் ஒரு பங்கு. 401 என்று வந்தால் 16-ஆல் வகுத்த ஈவு 25. மீதி 1-ஐ 625-ஆல் பெருக்கினால் 625. இரண்டையும் "%டி.%04டி" என்று போட்டால் 25.0625 டிகிரி. 04-ஐ மறந்தால் அறையின் வெப்பம் 25.625 ஆகிவிடும்.